புதுமுக மாணாக்கரும் பல்கலைக் கழகமும்

ஒரு பல்கலைக் கழகத்தின் பெருமையைப் பட்டமளிப்பு விழாவிலே காணலாம் என்பர். மேடையும் அங்கியும் கையொலியும் அங்கே கண்ணையும் செவியையும் கவரும். ஆயின் அவ்விழாவிற்கு வந்து சேராதவர் எத்தனை பேர்? மூன்று நான்கு ஆண்டுகட்கு முன் அதே வாயிலின் வழியே நுழைந்து, முதலாண்டு முடியுமுன்னரே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர் எத்தனை பேர்? இவ்வினாவைப் பல்கலைக் கழகங்கள் நெடுங்காலம் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கிய பின்னரும், குறை வந்தவனிடத்தில் உள்ளதா, வரவேற்ற இடத்தில் உள்ளதா என்று ஆராய்ந்து தெளிய மேலும் பல்லாண்டுகள் ஆயின. புதுமுக மாணாக்கரின் வரலாறு என்பது பெரும்பாலும் அந்தத் தயக்கத்தின் வரலாறே ஆகும்.

மஞ்சள் அலகுக் குஞ்சுகள்

ஐரோப்பாவில் பொலோனா, பாரிசு, ஆக்ஸ்போர்டு முதலிய இடங்களில் பல்கலைக் கழகங்கள் தோன்றி வளர்ந்த காலம் 12, 13-ஆம் நூற்றாண்டுகள். அங்கே கற்க வந்தவருட் பலர் பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவர். ஊரும் உறவும் விட்டு வந்தவர்கள். வீட்டில் ஒரு மொழி பேசி வளர்ந்தவர்கள், வகுப்பில் இலத்தீன் மொழியிலேயே கேட்கவும் பேசவும் வேண்டியிருந்தது. தங்க இடம் தேடுவதும், ஏமாற்றுவாரிடம் சிக்காமல் வாழ்வதும் அவர்கள் பாடே.

இத்தகைய புதியவனுக்குப் பழைய மாணவர் இட்ட பெயர் ‘மஞ்சள் அலகு’ என்பது. கூட்டை விட்டு இறங்காத பறவைக் குஞ்சின் அலகு மஞ்சளாக இருக்கும் அன்றோ? பிரெஞ்சு மொழியில் வழங்கிய அச்சொல் இலத்தீனிலும் ஏறிப் பல்கலைக் கழக ஆவணங்களில் இடம்பெற்றது. செர்மானியப் பல்கலைக் கழகங்களிலோ அவனை விலங்காகவே வேடம் புனைவித்தனர். தலையில் கொம்பு வைத்த தொப்பியை மாட்டி, வாயில் போலிப் பற்களைச் செருகி, பின்னர்க் கொம்பை அறுத்துப் பல்லைப் பிடுங்குவது போல ஒரு சடங்கு நடத்துவர். அவன் இனி விலங்கல்லன், மனிதன் என்பது அதன் பொருள். சடங்கு முடிந்ததும் அவன் செலவிலேயே அனைவர்க்கும் விருந்து. 15-ஆம் நூற்றாண்டில் அச்சான மாணவர் கையேடு ஒன்று இக்காட்சியை உரையாடலாகவே எழுதிக் காட்டுகிறது.

இதனை விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஆயின் அவ்விளையாட்டினுள் ஒரு கொள்கை ஒளிந்திருந்தது. புதியவன் குறையுடையவன், அவன் தாழ்ந்து பணிந்தால்தான் நம்மவன் ஆவான் என்பதே அக்கொள்கை. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டுக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் கல்லூரி முற்றத்தில் தொப்பி அணிதல் கூடாது. மழையோ பனியோ பெய்தால் மட்டும் விலக்கு உண்டு. மூத்தவர் ஏவிய பணிக்கும் அவன் ஓடவேண்டும். சிங்கப்பூரில் 1928-ல் வகுப்புகள் தொடங்கிய இராபிள்ஸ் கல்லூரியிலும் புதியவரை அலைக்கழிக்கும் வழக்கம் இருந்தது. 1940-ல் அங்குச் சேர்ந்த லீ குவான் இயூ அதனைத் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார்.

எல்லை கடந்த இடங்களில் இக்கொள்கை உயிரையும் குடித்தது. தமிழ்நாட்டில் 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்டதை அடுத்து, 1997-ல் பகடிவதையைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் சட்டம் அதே நோக்குடன் வந்தது. இந்தியப் பல்கலைக் கழக மானியக் குழு 2009-ல் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. ஆறு நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்த ஒரு பழக்கத்தைச் சட்டத்தின் துணையின்றி நிறுத்த இயலவில்லை என்பது எண்ணத் தக்கது. தண்டித்தலால் கொடுமையைத் தடுக்கலாம். புதியவனைக் கற்பிக்க முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

வழிகாட்டும் ஆசான்

அவ்வேறு வழியின் விதையும் இடைக்காலத்திலேயே ஊன்றப்பட்டது. விஞ்செஸ்டர் நகரின் ஆயர் விக்கமின் வில்லியம் என்பார் 1379-ல் ஆக்ஸ்போர்டில் புதுக் கல்லூரியை நிறுவினார். கொள்ளைநோயால் கற்றறிந்த குருமார் பலர் மாண்டு, அவர் இடங்கள் வெறுமையாய்க் கிடந்த காலம் அது. எழுபது மாணாக்கரைக் கொண்ட அக்கல்லூரியின் விதிகளில், மூத்த உறுப்பினர் இளையவர்க்கு முதல் ஆண்டுகளில் பாடஞ் சொல்லி மேற்பார்க்க வேண்டும் என்றும், அதற்குக் கல்லூரியே ஊதியம் தர வேண்டும் என்றும் கண்டிருந்தது. 1382-ல் அவரே விஞ்செஸ்டரில் ஒரு பள்ளியையும் நிறுவி, அங்குப் பயின்றவர் ஆக்ஸ்போர்டுக்கு வருமாறு வழி செய்தார்.

இவ்விரண்டு செயல்களையும் சேர்த்து நோக்க வேண்டும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. அதனைத் தாண்டுவது சிறுவன் பொறுப்பு மட்டுமன்று, பாலம் அமைப்பது நிறுவனத்தின் கடமை என்பதை விக்கமின் வில்லியம் உணர்ந்திருந்தார். ஆங்கில நாட்டுப் பல்கலைக் கழகங்களின் தனியாசான் முறைக்கு அவர் விதிகளே தொடக்கம் என வரலாற்றாசிரியர் பலர் கொள்வர்.

ஆயினும் இம்முறை சிறு தொகையினர்க்கே பொருந்தியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லூரிகள் பெருகின, பாடங்களும் பெருகின. ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக விளங்கிய சார்லஸ் எலியட், மாணவர் தமக்கு வேண்டிய பாடங்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை அளித்தார். உரிமை வந்தது, அதனோடு குழப்பமும் வந்தது. பதினெட்டு வயது இளைஞன் நூற்றுக்கணக்கான பாடங்களுள் எதனை எடுப்பான், எதனை விடுப்பான்? ஆகவே 1889-ல் முதலாண்டு மாணவர்க்கென ஆலோசகர் குழு ஒன்று அங்கே அமைக்கப்பட்டது. 1891-ல் கல்லூரியின் டீனாகப் பொறுப்பேற்ற இலெபேரன் இரசல் பிரிக்ஸ் மாணவரின் துன்பத்தைக் காது கொடுத்துக் கேட்பதையே தம் முதற்கடமையாகக் கொண்டார். எலியட்டுக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், முதலாண்டு மாணவர் ஓரிடத்தில் கூடி வாழத் தனி விடுதிகளை 1914-ல் திறந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளை உயர்ந்த மாளிகையிலும், ஏழை மாணவன் எங்கோ ஒரு மூலையிலும் தங்கி, ஒருவரையொருவர் அறியாமலே படித்துப் பிரிந்த நிலையை மாற்றுவது அவர் நோக்கம்.

அதே காலத்தில் புதுமுக மாணவர்க்கெனத் தனிப் பாடங்களும் தோன்றின. ஓரிகன் மாநிலத்து ரீடு கல்லூரி 1911-ல் தொடங்கிய பாடம் இவற்றுள் முன்னோடியாகக் குறிக்கப்படுவது. 1920-களில் இவை பல கல்லூரிகளில் பரவின. ஆயின் 1960-களுக்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நூலகத்தைப் பயன்படுத்துவது எப்படி, பொழுதை வகுத்துக்கொள்வது எப்படி என்பனவெல்லாம் பல்கலைக் கழகப் பாடங்களா என்று பேராசிரியர் பலர் எள்ளினர். கற்க வந்தவன் கற்கும் முறையை அறிந்தே வரவேண்டும் என்பது அவர்கள் துணிவு.

கதவு அகன்றது

அத்துணிவை வரலாறு வினாவியது. இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, 1944 சூனில், போர்வீரர்க்குக் கல்வி உதவி அளிக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அதன் பயனாக ஏறத்தாழ 22 இலட்சம் வீரர் கல்லூரி புகுந்தனர். 1947-ல் அந்நாட்டுக் கல்லூரி மாணவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் அவர்களே. உழவர் மகனும் தொழிலாளி மகனும், குடும்பத்தில் எவரும் கல்லூரி வாயிலைக் கண்டறியாதவரும் வந்தனர். அவர்கள் கல்வித்தரத்தைக் கெடுப்பர் என்று அஞ்சியவர் உண்டு. வந்தவரோ நன்கு படித்துத் தேறினர். தகுதி என்பது பரம்பரைச் சொத்தன்று என்பதை அவ்வீரர் மெய்ப்பித்தனர்.

கதவு அகன்றபின் உள்ளே சென்றவரின் தொகை பெருகியது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே தொலைவும் பெருகியது. 1970 மே 4-ல் ஒகையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக் கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டதில் நான்கு மாணவர் மாண்டனர். அதன் எதிரொலியாகத் தென் கரோலினாப் பல்கலைக் கழகத்தில் மாணவர் திரண்டு ஆட்சிக் கட்டடத்துள் புகுந்தனர். அப்போது தலைவராக இருந்த தாமஸ் ஜோன்ஸ் தண்டனையோடு நின்றுவிடவில்லை. தாம் பயிலும் இடத்தை மாணவர் ஏன் தமதாகக் கருதவில்லை என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் விளைவே 1972-ல் தொடங்கிய ‘பல்கலைக் கழகம் 101’ என்னும் முதலாண்டுப் பாடம். சிறு சிறு குழுக்களாக மாணவர் ஓர் ஆசிரியருடன் அமர்ந்து, பல்கலைக் கழகம் என்பது யாது, அதில் தம் இடம் யாது என ஆராய்வர். இப்பாடத்தை நடத்த முன்வந்த ஆசிரியர்க்கும் பயிற்சி உண்டு. மாணவனை மாற்றுவதற்கு முன் ஆசிரியன் மாறவேண்டும் என்பது இதன் தனிச் சிறப்பு.

1974-ல் இதன் பொறுப்பை ஏற்ற ஜான் கார்டனர், தம் கல்லூரி முதலாண்டில் மதிப்பெண் குறைந்து எச்சரிக்கைக்கு ஆளானவர். பின்னாளில் அதனை அவர் மறைக்கவில்லை, பலகாலும் எடுத்துரைத்தார். இப்பாடத்தைப் பயின்றவர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வரும் விழுக்காடு, பயிலாதவரினும் கூடுதலாக இருப்பதைப் பல்லாண்டுக் கணக்குகள் காட்டின. 1980-களில் தென் கரோலினாவில் கூடிய மாநாடுகளின் வழியே இம்முயற்சி பிற நாடுகட்கும் பரவியது.

பெர்க்கிலி காட்டிய உண்மை

இவ்வரலாற்றில் ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பகுதி கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் நிகழ்ந்தது. 1970-களில் அங்கே முதற்பருவ நுண்கணிதத்தை எழுதிய கறுப்பின மாணவருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் தோல்வியையோ தோல்விக்கு அண்மைய மதிப்பெண்ணையோ பெற்றனர். காரணம் என்ன என்று பேராசிரியர்களைக் கேட்டபோது நான்கு விடைகள் வந்தன. ஊக்கம் இல்லை என்றனர் சிலர். பள்ளிக் கல்வி போதவில்லை என்றனர் சிலர். பெற்றோர் கருதிப் பார்ப்பதில்லை என்றனர் சிலர். வறுமையே காரணம் என்றனர் ஏனையோர். கேட்பதற்கு நான்கும் பொருத்தமாகவே தோன்றும். தமிழ் மாணவரின் பின்னடைவைப் பற்றிப் பேசும் கூட்டங்களிலும் இந்நான்கு விடைகள் கேட்டுப் பழகியவையே.

அக்காலத்தில் அங்கு ஆய்வு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன் இவ்விடைகளை நம்பி அமையவில்லை. கறுப்பின மாணவர் இருபதின்மரையும், அப்பாடத்தில் சிறந்து விளங்கிய சீன மாணவர் இருபதின்மரையும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காலம் நேரில் தொடர்ந்து கண்டார். அவர்கள் அறைக்குச் சென்றார். படிக்கும் இடத்தில் உடனிருந்தார். நான்கு விடைகளும் பொய்த்தன. கறுப்பின மாணவர் பலர் தம் பள்ளியில் முதல் மாணவராகத் தேறியவர், ஊக்கம் மிக்கவர். பெற்றோரும் அவர்கள் கல்விக்காகப் பல்லாற்றானும் பாடுபட்டவர். குறை வேறோரிடத்தில் இருந்தது.

கறுப்பின மாணவர் தனித்துப் படித்தனர். வகுப்பு முடிந்ததும் அறைக்குச் சென்று, வாரத்திற்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம், ஆசிரியர் சொன்ன அளவு, கதவை அடைத்துக்கொண்டு உழைத்தனர். தனித்து நின்று உழைத்ததாலேயே பெர்க்கிலி வரை வந்தவர் அவர்கள். ஆகவே அவ்வழியையே உறுதியாகப் பற்றினர். சீன மாணவரோ தனித்தும் படித்தனர். பின்னர் மாலையில் ஒன்றுகூடியும் படித்தனர். ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினர். பழைய தேர்வுத் தாள்களைப் போட்டுப் பார்த்தனர். கூடி உண்டனர், ஒரு கணக்கு எவர்க்கும் வரவில்லையெனின் அது கடினமான கணக்கு என்று அறிந்தனர். தனித்திருந்தவனுக்கு அந்த அறிவு இல்லை. கணக்கு கடினமா, தான் மந்தமா என்று சொல்ல அவனருகில் எவரும் இல்லை.

உதவி வகுப்புகள் இல்லாமல் இல்லை. இருந்தும் அவற்றிற்கு அம்மாணவர் செல்லவில்லை. பள்ளியில் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவர், பின்தங்கியோர்க்கான வகுப்பு என்று பெயரிட்ட அறையில் நுழைவரா? இதனை உணர்ந்த டிரைஸ்மன் 1978 அளவில் தொடங்கிய கணிதப் பட்டறையில் எளிய கணக்குகளைத் தரவில்லை. வகுப்பினும் கடினமான கணக்குகளைத் தந்தார். பின்தங்கியோர் வருக என்று அழைக்கவில்லை. சிறப்பெய்த விரும்புவோர் வருக என்று அழைத்தார். ஐவர் அறுவராய்க் கூடி அமர்ந்து கணக்கிடச் செய்தார். பங்குகொண்ட கறுப்பின மாணவர், தம் இனத்தாரை மட்டுமன்றி, வெள்ளையரும் ஆசியருமான வகுப்புத் தோழரையும் விஞ்சினர் என்று அவர் 1992-ல் வெளியிட்ட கட்டுரையில் எழுதினார். தாமே விரும்பி வந்தோரை வைத்து முடிவு கூறலாகுமா என்னும் ஐயத்தைப் பின்வந்த ஆய்வாளர் எழுப்பினர். அது கருதத்தக்க ஐயமே. எனினும் 1988-ல் டெக்சாஸ் பல்கலைக் கழகம் முதலாகப் பல இடங்களில் இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

எதற்குப் பெயரிடுவது?

இதே போன்றதொரு தெளிவை, மிசூரிப் பல்கலைக் கழகத்தின் கன்சாஸ் நகர வளாகத்தில் 1973-ல் டீனா மார்ட்டின் அம்மையார் கொண்டுவந்தார். இடர்ப்படும் மாணவன் எவன் என்று அவர் தேடவில்லை. இடர்ப்படுத்தும் பாடம் எது என்று தேடினார். எப்பாடத்தில் பலர் தவறுகின்றனரோ, அப்பாடத்தை எடுக்கும் அனைவரையும் கூட்டு வகுப்பிற்கு அழைத்தார். முன்னரே அப்பாடத்தில் தேறிய மாணவர் ஒருவர் அதனை நடத்துவார். வல்லவனும் வருவான், மெல்லவனும் வருவான். யார் எதற்கு வந்தார் என்பது எவர்க்கும் தெரியாது. ‘குறை’ என்னும் பெயர் மாணவன் நெற்றியிலிருந்து நீங்கிப் பாடத்தின் மேல் ஏறிற்று. பெயர் இடம் மாறியதே பெரிய மாற்றம்.

இம்முயற்சிகட்கெல்லாம் ஒரு கொள்கை வடிவம் தந்தவர் வின்சென்ட் டின்டோ. 1975-ல் அவர் எழுதிய ஆய்வுரை, மாணவன் கல்லூரியை விட்டு நீங்குவது அறிவுக் குறையால் மட்டுமன்று; அங்குள்ள சமுதாயத்தோடு அவன் ஒட்டாமற் போவதாலும் ஆகும் என்று காட்டியது. பின்னர், பிரெஞ்சு அறிஞர் வான் ஜெனப் 1909-ல் சடங்குகள் பற்றி எழுதிய நூலைத் தழுவி, பிரிதல், கடத்தல், கலத்தல் என மூன்று நிலைகளை முதலாண்டு மாணவனுக்கும் அவர் வகுத்தார்.

இங்குதான் ஒரு மறுப்பு எழுந்தது. பிரிதல் என்றாரே, எதனின்று பிரிதல்? வீட்டையும் மொழியையும் இனத்தையும் துறந்தால்தான் கல்லூரியில் கலக்க முடியும் எனின், சிறுபான்மை இனத்து மாணவனுக்கு அது தன்னைத் தானே மாய்த்துக்கொள்வது போன்றதன்றோ என்று 1992-ல் வில்லியம் டியர்னி வினவினார். டின்டோவும் பின்னாளில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வீட்டோடு உள்ள உறவு அறாமலே, அதன் வலிமையைக் கொண்டே நிலைபெறும் மாணவர் பலர் உண்டு என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. கொம்பை அறுத்தாலன்றி மனிதனாகான் என்ற பழைய சடங்கின் நிழல், அறிஞர் கொள்கையிலும் சிறிது படிந்திருந்தது போலும்.

நன்னூலார் கணக்கு

பெர்க்கிலியில் கண்ட உண்மை தமிழாசிரியர்க்கு முற்றிலும் புதியதன்று. 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியன் உரைத்ததை எவ்வளவு செவ்வையாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வாரொடு பழகிப் பெறுவது மற்றொரு காற்கூறு. பிறர்க்கு எடுத்துரைத்துப் பெறுவது எஞ்சிய அரைக்கூறு. தனியறையில் கதவடைத்துக்கொண்டவன் முதற் காற்கூற்றோடு நின்றுவிடுகிறான் என்பதே இதன் பயன்.

மலாயாவில் இக்கணக்கிற்கு வேலை உண்டு. 1949 அக்டோபரில், இராபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக் கழகம் ஆயின. 1956-ல் அதில் இந்திய இயல் துறை தோன்றியது. கோ. சாரங்கபாணி முன்னின்று திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து வழங்கினர். பல்கலைக் கழகத்தின் கதவைத் திறக்கப் பொருள் தந்த சமுதாயம் அது. தமிழ்ப் பள்ளியில் படித்து இடைநிலைப் பள்ளி புகுவோர் பலர், மொழி மாற்றத்திற்கென ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து சென்றதையும் அச்சமுதாயம் அறியும். அவ்வோராண்டு சிலர்க்குப் பாலமாயிற்று. சிலர்க்கு நெற்றியில் எழுதிய பெயராயிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் அவ்வகுப்பில் நின்ற ஆசிரியரே தீர்மானித்தனர்.

ஆகவே, கல்லூரி செல்லும் மாணாக்கனுக்குத் தமிழாசிரியர் ஆற்றக்கூடிய உதவி பள்ளியிலேயே தொடங்குகிறது. தனித்து முதன்மை பெறப் பழக்குவது போலவே, கூடிப் பயிலவும் பழக்க வேண்டும். தெரியாததைத் தோழனிடம் கேட்பது இழிவன்று என்று காட்ட வேண்டும். முதற்பருவத்தில் மதிப்பெண் குறைந்து, ஊருக்கு எழுதவும் நாணி ஒருவன் தவிக்கும்போது, ‘நீ எவ்வளவு நேரம் படித்தாய்?’ என்று கேட்பார் பலர். ‘நீ யாரோடு படித்தாய்?’ என்று கேட்பாரே அவனைத் திரும்ப வகுப்பில் இருத்துவர். எழுநூறு ஆண்டுக்கும் மேலான பல்கலைக் கழக வரலாறு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வினா அது.